மீன் வளர்ப்புக்கான கான்கிரீட் தொட்டி: கசிவும் நஞ்சும் இன்றி அமைக்கும் முறை

வீட்டுத் தோட்டத்தில் அமைக்கப்படும் சிறிய மீன் தொட்டி ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் அழகுணர்ச்சிக்கு மட்டுமே அடையாளமாகக் கருதப்பட்டது. இன்று அது பல குடும்பங்களுக்குத் தொழில் முதலீடாகவும் விளங்குகின்றது. மேற்கு வங்கத்தில் ஹவுரா, 24 பர்கானா வட்டாரங்களிலும், சென்னையில் கொளத்தூர்ப் பகுதியிலும், வீட்டுக் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டிகளில் வண்ண மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்பது நன்கு வேரூன்றிய தொழிலாகும். 2020ஆம் ஆண்டில், 20,050 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுகளுக்கு இடமளிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு அலகுச் செலவில் 40 சதவீதமும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 சதவீதமும் அரசு உதவியாக வழங்க அத்திட்டம் வகை செய்தது.

இத்தகைய அலகுக்கு அடிப்படை தொட்டியே. ஆனால் தொட்டியைப் பற்றி இருவகைக் குறைகள் ஓயாமல் கேட்கப்படுகின்றன. தொட்டியில் நீர் நிற்பதில்லை என்பது ஒன்று. நீர் நின்றாலும் விட்ட மீன்கள் முதல் வாரத்திலேயே மடிந்து போகின்றன என்பது மற்றொன்று. முதற் குறை கொத்தனாரிடம் செல்கின்றது. அவர் கடையில் கிடைக்கும் ஏதேனும் ஓர் இரசாயனத்தைப் பூசி நீரை நிறுத்தி விடுகின்றார். இரண்டாவது குறைக்கு மீன் விற்றவர் பழி சுமக்கின்றார். உண்மையில் இவ்விரு குறைகளுக்கும் மூலகாரணம் ஒன்றே. அதனை உணர்ந்து கொண்டால், நீர் கசியாத தொட்டியையும் மீன் மடியாத தொட்டியையும் ஒரே முயற்சியில் பெற இயலும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

கான்கிரீட் ஏன் கசிகின்றது?

சிமெண்டு இறுகுவதற்கு நீர் தேவை. ஆனால் கொத்து வேலையில் சேர்க்கப்படும் நீரில் ஒரு பகுதியே சிமெண்டுடன் இணைகின்றது. கலவையை எளிதாகக் கிளறவும் பரப்பவும் கூடுதலாக ஊற்றப்படும் நீர் நாளடைவில் உலர்ந்து வெளியேறுகின்றது. அது விட்டுச் செல்லும் இடங்கள் மயிரிழை போன்ற நுண்குழல்களாகக் கான்கிரீட்டினுள் தங்கி விடுகின்றன. தொட்டி நீர் சுவரை ஊடுருவும் வழிகளுள் இக்குழல்கள் முதன்மையானவை.

சிமெண்டின் எடையோடு ஒப்பிடும்போது நீரின் எடை எவ்வளவு என்பதை ‘நீர்-சிமெண்டு விகிதம்’ என்பர். இவ்விகிதத்திற்கும் கசிவிற்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்டுள்ளது. விகிதம் 0.45 ஆக இருந்து, கான்கிரீட் தொடர்ந்து ஈரமாக வைக்கப்பட்டால், சிமெண்டு இறுக இறுக நுண்குழல்கள் ஏறத்தாழ 7 நாட்களில் ஒன்றோடொன்று தொடர்பற்று அடைபட்டு விடுகின்றன. விகிதம் 0.50 ஆனால் இதற்கு 14 நாட்கள் ஆகும், 0.60 ஆனால் 6 மாதங்கள்; 0.70 ஆனால் ஓர் ஆண்டு. அதற்கும் மேற்பட்டால், எத்தனை காலம் ஈரமாக வைத்தாலும் அவை முழுமையாக அடைபடுவதில்லை. வேலை நடக்கும்போது கலவையில் ஊற்றப்படும் ஒரு குடம் மிகை நீர் தொட்டியின் ஆயுள் முழுவதையும் பாதிக்கின்றது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

நுண்குழல்களைத் தவிர வேறு வழிகளும் உண்டு. சரியாகக் குத்தி இறுக்கப்படாத கான்கிரீட்டில் தேன்கூடு போன்ற ஓட்டைகள் தோன்றும். தரையும் சுவரும் சேருமிடத்தில், முதல் நாள் போட்ட கான்கிரீட்டுக்கும் மறுநாள் போட்டதற்கும் இடையே பிடிப்பு குறையலாம். குழாய் நுழையுமிடத்தைச் சுற்றி இடைவெளி ஏற்படலாம். வெயிலில் விரைந்து உலரும் பூச்சில் வெடிப்புகள் உண்டாகலாம்.

மீன் ஏன் மடிகின்றது?

சிமெண்டு நீருடன் சேர்ந்து இறுகும்போது உறுதி தரும் பொருள்களோடு கால்சியம் ஹைட்ராக்சைடு எனப்படும் நீற்றிய சுண்ணாம்பும் உண்டாகின்றது. இறுகிய சாதாரண போர்ட்லண்டு சிமெண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இச்சுண்ணாம்பு இருக்கும். இது லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் வீதம் நீரில் கரையக்கூடியது. தெவிட்டு நிலைச் சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு 12.4 அளவினதாகும். பெரும்பாலான நன்னீர் மீன்கள் 6.5 முதல் 8.5 வரையுள்ள நீரிலேயே நலமாக வாழும். 11ஐத் தொட்ட நீரில் அவை உயிர் தரிக்க இயலாது. பி.எச். அளவில் ஓர் எண் உயர்வு என்பது காரத்தன்மையில் பத்து மடங்கு உயர்வு ஆகும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

காரத்தால் நேரும் தீங்கு இருவகைப்படும். செவுளின் மெல்லிய தோலை அரித்து மூச்சை அடைப்பது நேரடித் தீங்கு. மற்றது மறைமுகமானது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் உள்ளது. அவற்றுள் அயனியாகாத வடிவமே கொடிய நஞ்சு. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 1 சதவீதத்திற்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 5 சதவீதம். 9 ஆனால் 36 சதவீதம். எனவே பி.எச். 9 என்பது தன்னளவில் உடனே கொல்லாவிடினும், தொட்டியில் இயல்பாகச் சேரும் கழிவையே நஞ்சாக மாற்றி விடுகின்றது. முதல் நாள் சுறுசுறுப்பாக நீந்திய மீன் நான்காம் நாள் மடிவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 75 சென்டிமீட்டர் ஆழம் நீர் நிரப்பினால் 4,500 லிட்டர் கொள்ளும். இந்நீரைத் தெவிட்டு நிலைச் சுண்ணாம்பு நீராக்க ஏறத்தாழ 7.5 கிலோ சுண்ணாம்பு போதும். நீர் படும் தரையும் சுவர்களும் சேர்ந்து 13.5 சதுர மீட்டர். அதில் 20 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்து பூசினால், பூச்சுக்கு மட்டும் இரண்டரை மூட்டைக்குச் சற்று அதிகமான சிமெண்டு செலவாகும். இதிலிருந்து வெளிப்படக்கூடிய சுண்ணாம்பு 25 கிலோவுக்குக் குறையாது. அதாவது, தொட்டி நீர் முழுவதையும் மும்முறை சுண்ணாம்பு நீராக்கப் போதுமான பொருள் பூச்சில் மட்டுமே அடங்கியுள்ளது. அவ்வளவும் ஒரே நாளில் கரைந்து வருவதில்லை. எனினும், ஒருமுறை கழுவிவிட்டு மீன் விடுவது ஏன் போதாது என்பது இதனால் விளங்கும். மேலும், தொட்டி சிறியதாக ஆக, ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் உரிய சுவர்ப் பரப்பு மிகுதியாகின்றது. ஆதலின் பெரிய குளத்தைவிடத் தோட்டத்துச் சிறு தொட்டியே இவ்வகையில் அதிக ஆபத்துடையது.

இரண்டுக்கும் வேர் ஒன்றே

நீர் எந்த நுண்குழல்களின் வழியாக வெளியே செல்கின்றதோ, அதே குழல்களின் வழியாகவே சுண்ணாம்பு உள்ளே வருகின்றது. ஆகவே குழல்களைக் குறைப்பதே இரு குறைகளுக்கும் பொதுவான மருந்து. அடர்த்தியான கான்கிரீட் தண்ணீரையும் விடாது. தன் சுண்ணாம்பையும் எளிதில் விடாது.

இந்த இடத்தில் நம் நாட்டு மரபு ஒன்றை நினைவு கூர்வது பொருந்தும். சிமெண்டு வருவதற்கு முன் நம் நாட்டில் நீர்த்தொட்டிகளைச் சுண்ணாம்புக் காரையோடு சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியைச் சேர்த்துப் பூசினர். சுட்ட களிமண் பொடி சுண்ணாம்புடன் வினைபுரிந்து, நீரில் கரையாத கெட்டிப் பொருளை உண்டாக்கும். அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த பொசலானா போர்ட்லண்டு சிமெண்டும் இதே தத்துவத்தில் செயற்படுகின்றது. சாம்பலிலுள்ள சிலிக்கா தனித்த சுண்ணாம்பைப் பிடித்து இறுகச் செய்வதால், கரையும் சுண்ணாம்பு குறைகின்றது, நுண்குழல்களும் அடைபடுகின்றன. எனவே மீன் தொட்டிக்கு இவ்வகைச் சிமெண்டு மிகவும் ஏற்றது. ஆனால் இவ்வினை மெதுவாக நடப்பதாகையால், ஈரமாக வைத்திருக்கும் காலம் குறையலாகாது.

கலவையும் கட்டுமானமும்

நீர்த்தேக்கக் கான்கிரீட் அமைப்புகளுக்கென ஐ.எஸ். 3370 என்னும் இந்தியத் தர விதி உள்ளது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு எம்-30 தரமும், நீர்-சிமெண்டு விகிதம் 0.45க்கு மிகாமையும் வேண்டும் என்பது அவ்விதியில் வகுக்கப்பட்ட அளவாகும். பல தொட்டிகளை ஒருங்கே அமைக்கும் பண்ணைகள் பொறியாளரைக் கொண்டு இத்தரத்திற்கு வடிவமைத்தல் வேண்டும். வீட்டுத் தோட்டத்துச் சிறு தொட்டிகளுக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி என்னும் கலவை வழக்கத்தில் உள்ளது. அப்போதும் நீரின் அளவில் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 0.45 விகிதத்தில் 22.5 லிட்டர் நீரே சேர்க்கத்தக்கது. மணல் ஈரமாயிருப்பின் அந்த ஈரமும் இக்கணக்கில் அடங்கும். 5 சதவீத ஈரமுள்ள மணல் ஒரு மூட்டைக் கலவைக்குள் ஏறத்தாழ 4 லிட்டர் நீரைத் தானே கொண்டு வந்து விடும். இத்தகைய கெட்டிக் கலவையைப் பரப்புவது கடினம் என்று தொழிலாளர் கூறுவது இயல்பு. அதற்குத் தீர்வு மேலும் நீர் ஊற்றுவதன்று. கலவையை இளக்கித் தரும் சேர்மானப் பொருளை உரிய அளவில் சேர்த்து, அதிர்வுக் கருவியாலோ கம்பியாலோ நன்கு குத்தி இறுக்குவதாகும். ஐ.எஸ். 2645 தரத்துக்கு உட்பட்ட நீர்க்கசிவுத் தடுப்புப் பொருளையும் உற்பத்தியாளர் குறித்த அளவில் கலவையிலேயே சேர்க்கலாம். ஆனால் அது நல்ல கலவைக்குத் துணையேயன்றி, மோசமான கலவைக்கு மாற்றாகாது.

தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் வரை ஒரே நாளில் சேர்த்துப் போட்டுவிட்டால், இணைப்பு மூலையிலிருந்து மேலே விலகிச் செல்லும். மறுநாள் தொடருமுன் அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, கழுவி, சிமெண்டுப் பால் தடவிய பின்னரே புதுக் கான்கிரீட் போட வேண்டும். குழாய்களைக் கான்கிரீட் போடும்போதே பொருத்தி விடுதல் நன்று. பின்னர் சுவரை உடைத்துச் சொருகும் குழாய் பெரும்பாலும் கசியும். வழுவழுப்பான பி.வி.சி. குழாயின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கிக் கொள்ள வேண்டும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றாலான பொருத்துகள் மீன் தொட்டியில் தவிர்க்கத்தக்கவை. குறிப்பாக மென்னீரில் இவ்வுலோகங்கள் கரைந்து மீனுக்கு நஞ்சாகின்றன.

இடத்திற்கேற்ற கவனமும் வேண்டும். தக்காண பீடபூமியின் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிப்பது; அதன்மேல் நேரே அமைத்த தொட்டி பிளவுபடும். அங்குக் கரிசலைத் தோண்டி எடுத்து, மணலோ கிராவலோ நிரப்பி இறுக்கிய பின்னரே தரை போட வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்த கடலோரப் பகுதிகளில், மழைக்காலத்தில் காலியாக விடப்பட்ட தொட்டியைக் கீழிருக்கும் நீர் மேலே தள்ளிப் பிளக்கக்கூடும். காஷ்மீர், இமாசலம் போன்ற குளிர்ப் பகுதிகளில், நுண்குழல்களில் தங்கிய நீர் உறைந்து விரிவதால் பூச்சு உதிரும்.

பூச்சும் நீராற்றலும்

உட்பூச்சு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்னும் கலவையில், இரு அடுக்குகளாக, மொத்தம் 20 மில்லிமீட்டர் கனத்தில் அமைதல் நன்று. முதல் அடுக்கு இறுகிய பின் அதனைக் கீறிவிட்டு இரண்டாவதைப் பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாது, உள்ளங்கை பதியும் அளவுக்கு வளைவாகப் பூச வேண்டும். இவ்வளைவு வெடிப்பைத் தடுப்பதோடு, அழுக்குத் தங்காமல் கழுவவும் உதவும். மேற்பரப்பில் உலர்ந்த சிமெண்டுத் தூளைத் தூவித் தேய்க்கும் வழக்கத்தைக் கைவிடுதல் நலம். அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்குவதோடு, மீனுக்கு மிக அருகில் சுண்ணாம்பையும் குவிக்கின்றது.

பூச்சு முடிந்த மறுநாள் முதல் குறைந்தது 14 நாட்கள் ஈரச் சாக்கு போர்த்தியோ, நீர் தேக்கியோ தொட்டியை உலராமல் காக்க வேண்டும். மேலே கூறிய நுண்குழல்கள் அடைபடுவது இந்நாட்களில்தான். காலையில் ஒருமுறை நீர் தெளித்துவிட்டுப் பகல் முழுவதும் வெயிலில் காய விடுவது நீராற்றல் ஆகாது.

மேற்பூச்சு இரசாயனங்கள்: எது தகும், எது தகாது?

முறையாக அமைந்த புதுத் தொட்டிக்கு மேற்பூச்சு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பழைய தொட்டிகளிலும், குறைபட அமைந்த தொட்டிகளிலும் அது தேவைப்படலாம். அப்போது கடையில் கிடைப்பதையெல்லாம் பூசுதல் ஆபத்தாகும்.

நிலக்கரித் தாரை மீன் தொட்டியின் உட்புறத்தில் ஒருபோதும் பூசலாகாது. அதிலிருந்து கசியும் பீனால் வகைப் பொருள்களும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் மீனுக்குக் கொடிய நஞ்சு. கட்டடங்களின் வெளிச்சுவருக்கென விற்கப்படும் வண்ணப் பூச்சுகள் பலவற்றில் பாசியையும் பூஞ்சையையும் கொல்லும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கும். பாசியைக் கொல்வது மீனையும் தாக்கும் என்பதால் இவையும் தவிர்க்கத்தக்கவை.

சிமெண்டுத் தூளையும் அக்ரிலிக் திரவத்தையும் கலந்து பூசும் இருபொருள் பூச்சுகள், குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றவை எனச் சான்று பெற்றவையாயின் பயன்படுத்தலாம். ஆனால் அவற்றிலும் சிமெண்டு உள்ளதால், காரம் நீக்கும் பணியை மீண்டும் செய்தே ஆக வேண்டும். எபாக்சிப் பூச்சு முழுமையாக இறுகிய பின் தீங்கற்றது. சுண்ணாம்பு வெளிவருவதையும் தடுக்க வல்லது. ஆனால் ஈரச் சுவரில் அது ஒட்டாது. இரு பகுதிகளும் தவறான அளவில் கலக்கப்பட்டாலோ, இறுகுமுன் நீர் நிரப்பப்பட்டாலோ, இறுகாத வேதிப்பொருள்கள் நீரில் கலக்கும். உற்பத்தியாளர் குறித்த காலம் முடிந்து, வாசனை முற்றிலும் நீங்கிய பின்னரே கழுவி நீர் நிரப்ப வேண்டும். சோடியம் சிலிக்கேட்டுக் கரைசல் சுண்ணாம்புடன் வினைபுரிந்து நுண்குழல்களை அடைக்கும். ஆனால் அதுவே வலிய காரமாகையால் பன்முறை கழுவுதல் வேண்டும்.

‘குடிநீருக்கு ஏற்றது’ என்னும் சான்று இன்றியமையாததே. எனினும் அதுவே முடிவானதன்று. மனிதர் குடிக்கத்தக்க நீரெல்லாம் மீன் வாழத்தக்கதென்று கொள்ளலாகாது. ஐ.எஸ். 10500 குடிநீர்த் தர விதி, மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை செம்பை அனுமதிக்கின்றது. மென்னீரில் அதனினும் மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லும். நகராட்சிக் குழாய் நீரிலுள்ள குளோரினும் அத்தகையதே. ஆதலின் எப்பூச்சுக்கும் இறுதிச் சோதனை, பின்னர் கூறப்படும் மீன் சோதனையேயாகும்.

வேலை செய்வோரின் பாதுகாப்பும் கருதத்தக்கது. ஈரச் சிமெண்டு தோலைப் புண்ணாக்கும். கையுறையும் காலணியும் வேண்டும். ஆவியாகும் கரைப்பான் கலந்த பூச்சை ஆழமான தொட்டிக்குள் நின்று பூசுவோருக்குக் காற்றோட்டமும், மேலே ஒரு துணையாளும் கட்டாயம். தீப்பொறி எதுவும் அருகில் இருத்தலாகாது.

காரம் நீக்கும் முறை

நீராற்றல் முடிந்ததும், அதற்காகத் தேக்கிய நீர் முழுவதையும் வெளியேற்ற வேண்டும். அந்நீர் சுண்ணாம்பு மிக்கது. கிணற்றிலோ பிற மீன் குளத்திலோ சேர விடலாகாது. பின்னர் தொட்டியைத் தேங்காய் நார்க் கற்றையால் தேய்த்துக் கழுவி, விளிம்பு வரை நீர் நிரப்பி, மூன்று நான்கு நாட்கள் வைத்திருந்து வெளியேற்ற வேண்டும். இவ்வாறு குறைந்தது மூன்று நான்கு முறை செய்தல் வேண்டும்.

நம் நாட்டு மீன் வளர்ப்போர் கையாளும் எளிய முறை ஒன்றும் உண்டு. நறுக்கிய வாழைத்தண்டு, வைக்கோல், சாணம் ஆகியவற்றை நீரிலிட்டு இரண்டு வாரம் வரை ஊற விடுவர். இவை அழுகும்போது கரிமில வாயுவும் கரிம அமிலங்களும் உண்டாகின்றன. கரிமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் எளிதில் கரையாத சுண்ணாம்புக் கல்லாக மாறிச் சுவரின் மேற்பரப்பையே அடைத்து விடுகின்றது. அமிலங்கள் எஞ்சிய காரத்தைத் தணிக்கின்றன. ஆகவே இது வெறும் பழக்கமன்று. வேதியியல் அடிப்படை உடையது. ஆனால் அழுகிய நீரில் உயிர்வளி இராது. அதனை முழுதும் அகற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஓரிரு நாள் வெயிலில் காய விட்ட பின்னரே புதுநீர் நிரப்ப வேண்டும்.

விரைவு வேண்டுவோர் வினிகரை நீரில் கலந்து சுவரெங்கும் தேய்த்துக் கழுவலாம். கழிவறை கழுவப் பயன்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்தலாகாது. அது சுண்ணாம்போடு சிமெண்டுப் பிணைப்பையும் அரித்து, மூடிய நுண்குழல்களை மீண்டும் திறந்து விடும். மீன் உள்ள நீரில் அமிலம் ஊற்றி பி.எச். மதிப்பைத் தணிப்பதும் தவறு. நீரின் காரம் தணிந்தாலும் சுவரிலிருந்து சுண்ணாம்பு வந்து கொண்டேயிருக்கும். சில மணி நேரத்தில் மதிப்பு மீண்டும் உயரும். இந்த ஏற்ற இறக்கம் மீனை மேலும் நலிவிக்கும்.

மூன்று சோதனைகள்

முதலாவது, கசிவுச் சோதனை. புதுத் தொட்டியின் சுவர் தொடக்கத்தில் நீரை உறிஞ்சும். எனவே நிரப்பி ஒரு வாரம் கழித்தே அளக்கத் தொடங்க வேண்டும். ஒரு வாளியில் நீர் ஊற்றி, அதனைத் தொட்டி நீரினுள் ஒரு கல்லின்மேல் விளிம்பு வெளியே தெரியுமாறு வைத்து, இரு நீர்மட்டங்களையும் குறித்துக் கொள்க. வாளி நீர் குறைவது ஆவியானதால் மட்டுமே. தொட்டி நீர் அதைவிட அதிகமாகக் குறைந்திருப்பின், அந்த வேறுபாடே கசிவாகும். கோடையில் நாளொன்றுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஆவியாதல் இயல்பு என்பதால், இவ்வொப்பீடு இன்றிச் செய்யும் முடிவு பிழைபடும். மேலே கண்ட தொட்டியில் நாளுக்கு 10 மில்லிமீட்டர் கசிவு என்பது 60 லிட்டர். மாதத்துக்கு 1,800 லிட்டர். மழை நாட்களில் இச்சோதனை செய்தலாகாது.

இரண்டாவது, காரச் சோதனை. இதனைப் புதுநீர் ஊற்றிய உடனே செய்தால் எத்தொட்டியும் தேர்ச்சி பெற்றுவிடும். நீர் மூன்று நாட்கள் தங்கிய பின், சுவரோரமாக எடுத்த நீரை அளத்தல் வேண்டும். விலை குறைந்த பி.எச். தாளே இதற்குப் போதும். மதிப்பு 8.5க்குக் குறைந்திருத்தலும், ஊற்றிய மூல நீரைவிட அரை எண்ணுக்கு மேல் உயராதிருத்தலும் நல்ல அளவுகோல்கள். பச்சைப் பாசி படர்ந்த தொட்டியில் பிற்பகலில் மதிப்பு இயல்பாகவே உயரும். ஆதலின் விடியற்காலையில் அளப்பதே பொருத்தம். நீரின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. வடகிழக்கு மாநிலங்களின் மென்னீரும், எங்கும் பெய்யும் மழைநீரும் சிறிதளவு சுண்ணாம்புக்கே பி.எச். பெரிதும் உயரும் தன்மையன. பைகார்பனேட்டு மிக்க கிணற்று நீர் ஓரளவு தாங்கும்.

மூன்றாவது, மீன் சோதனை. குளோரின் நீங்கிய நீரில், வளர்க்கப் போகும் இனத்தைச் சேர்ந்த நாலைந்து மீன்களை மட்டும் விட்டு மூன்று நாட்கள் கவனிக்க வேண்டும். அவை மேற்பரப்பில் வாய் திறந்து தவித்தாலோ, செவுளில் கோழை படிந்தாலோ, துள்ளி ஓடினாலோ உடனே எடுத்துவிட்டு, காரம் நீக்கும் பணியைத் தொடர வேண்டும்.

பழைய தொட்டியின் பழுது

கசியும் பழைய தொட்டியில், நீர்மட்டம் தானாக எவ்வுயரத்தில் நிற்கின்றது என்பதை முதலில் நோக்க வேண்டும். பழுது பெரும்பாலும் அம்மட்டத்தில் இருக்கும். மயிரிழை போன்ற வெடிப்புகள், உள்ளிருக்கும் சுண்ணாம்பு படிந்து, தாமே அடைபடுவதுண்டு. பெரிய வெடிப்பை ஆப்பு வடிவில் வெட்டி, கழுவி, சுருங்காத சிமெண்டுக் கலவையால் நிரப்ப வேண்டும். நிலம் அமர்வதால் மீண்டும் மீண்டும் அசையும் வெடிப்புக்குச் சிமெண்டு பயன்படாது. அத்தகைய தொட்டிக்கு அடர் பாலித்தீன் தாளை உள்ளே விரிப்பதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். தாள் விரித்த தொட்டியில் சுண்ணாம்பின் தொல்லையும் பெரும்பாலும் நீங்குகின்றது.

அலுவலர் கவனத்திற்கு

மேலே கூறியவற்றைக் கூட்டிப் பார்த்தால், தொட்டி கட்டி முடிந்த நாளுக்கும் மீன் விடும் நாளுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவை என்பது தெரியவரும். நீராற்றலுக்கு இரண்டு வாரம், காரம் நீக்க மூன்று நான்கு வாரம், சோதனைகளுக்கு ஒன்றிரண்டு வாரம். நிதியாண்டு முடிவதற்குள் பணி நிறைவுச் சான்று பெற வேண்டும் என்னும் அவசரத்தில் இக்காலம் சுருக்கப்படுமானால், அதன் விளைவைச் சுமப்பவர் பயனாளியே.

ஒரு மகளிர் சுயஉதவிக் குழு மார்ச்சு மாத நடுவில் பூச்சு முடித்து, மாத இறுதியில் மீன் விட்டதாகக் கொள்வோம். தாய் மீன்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் மடிகின்றன. மானியம் தொட்டிக்கு வந்துவிட்டது. மடிந்த மீன்களுக்கு மீண்டும் வராது. வங்கித் தவணையோ தொடங்கி விட்டது. குழுவினர் இத்தொழில் தமக்கு ஒத்துவராது என்று முடிவு செய்வர். பதிவேட்டில் அலகு ‘நிறைவுற்றது’ என இருக்கும். கொல்லையில் அது வெறும் தொட்டியாகக் கிடக்கும்.

இதனைத் தவிர்க்கப் பெரும் செலவு தேவையில்லை. கட்டுமானத் தவணையையும் மீன் குஞ்சுக்கான தவணையையும் பிரித்து, பின்னதைக் காரச் சோதனையின் முடிவுக்குப் பிறகு விடுவிக்கலாம். பார்வையிடும் அலுவலர் தொட்டியின் புகைப்படத்தோடு, மூன்று நாள் தங்கிய நீரின் பி.எச். மதிப்பையும் வாளிச் சோதனையின் அளவையும் குறிப்பேட்டில் பதிவு செய்யலாம். மதிப்பீட்டு அறிக்கையில் நீராற்றலுக்கும் காரம் நீக்கத்திற்கும் வேண்டிய நீரின் அளவைத் தனி இனமாகக் காட்டலாம். மேலே கண்ட தொட்டிக்கு நான்கு முறை நிரப்ப 18,000 லிட்டர் ஆகும். வறட்சிப் பகுதிகளில் இது எளிதான அளவன்று. அங்குத் தாள் விரித்த தொட்டியே தக்கது என்னும் முடிவுக்கும் இக்கணக்கு வழிகாட்டும். கொத்தனார்களுக்கு ஒருநாள் பயிற்சியளித்து, மூட்டைக்கு 22.5 லிட்டர் என்னும் ஓர் எண்ணை அவர்கள் மனத்தில் பதிய வைத்தாலே பாதிக் குறைகள் தோன்றா.

கான்கிரீட் தொட்டி ஒருமுறை நன்கு அமைந்தால் நெடுங்காலம் உழைப்பது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மேற்பரப்பில் சுண்ணாம்புக் கல்லும் பாசியும் படிந்து, அது மீனுக்கு மேலும் உகந்ததாகவே மாறுகின்றது. அந்நிலையை எட்டும் வரை வேண்டப்படுவன அளந்து ஊற்றிய நீரும், சில வாரப் பொறுமையும், ஒரு துண்டு பி.எச். தாளுமேயாகும்.